சூரைச்செடி நிழலும் மடத்துத் தோட்டமும்

நெஞ்சு படபடக்கிறது, இரவில் உறக்கம் வருவதில்லை, காரணம் சொல்லத் தெரியாத ஓர் அச்சம், கண்விழிக்கும் முன்னரே கட்டிலருகில் வந்து நிற்கிறது. இத்தகைய நிலையில் வாழ்வோர் நம் பங்குகளில் பலர் உளர். அவர்களுள் பெரும்பாலோர் அதனை வெளியே சொல்வதில்லை. சொன்னால் கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கிறது. "செபம் குறைந்துவிட்டது, விசுவாசம் போதவில்லை" என்பார் ஒருவர். "இது வெறும் நரம்புத் தளர்ச்சிதான், இந்த மூலிகையைச் சாப்பிடுங்கள், பக்க விளைவே கிடையாது" என்பார் இன்னொருவர். முன்னவர் நோயைப் பாவமாக்கிவிடுகிறார். பின்னவர் மனிதனின் துயரம் முழுவதையும் ஒரு புட்டிக்குள் அடைத்துவிடுகிறார்.

இவ்விரண்டில் எது திருச்சபையின் மரபு? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், இரண்டுமே அல்ல என்பது தெளிவாகும். கலங்கிய மனத்தைத் தேற்ற மண்ணில் முளைக்கும் செடியைப் பறிப்பதற்கு நம் முன்னோர் தயங்கியதில்லை. ஆனால் அச்செடியை அவர்கள் ஒருபோதும் தனியாகக் கொடுத்ததுமில்லை. இவ்விரு உண்மைகளையும் சேர்த்து நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எலியாவுக்குக் கிடைத்த மருந்து

அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தில் நாம் காணும் எலியா, மனம் உடைந்த மனிதர். கார்மேல் மலையில் பெரும் வெற்றி கண்ட இறைவாக்கினர்தாம் அவர். ஆயினும் அரசி ஈசபேலின் மிரட்டல் வந்தவுடன் அச்சம் அவரை ஆட்கொள்கிறது. பெயேர்செபாவில் தம் பணியாளனை விட்டுவிட்டுத் தன்னந்தனியாகப் பாலைநிலத்தில் ஒருநாள் தொலைவு நடக்கிறார், ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, சாவு வரட்டும் என்று வேண்டுகிறார், அப்படியே உறங்கிப்போகிறார்.

இங்கே வானதூதர் செய்தது என்ன? அவர் எலியாவைக் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசத்தைப் பற்றி அறிவுரை கூறவில்லை. தொட்டு எழுப்புகிறார், உண்ணச் சொல்கிறார். சுடுகல்லில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. எலியா உண்டு, குடித்து, மீண்டும் உறங்குகிறார். வானதூதர் இரண்டாம் முறையும் வந்து எழுப்பி, வழி நெடியது என்று நினைவூட்டி உண்ணச் செய்கிறார். உறக்கம், அப்பம், தண்ணீர், தொடுதல்: இறைவன் தம் ஊழியருக்கு முதலில் அனுப்பிய மருந்துகள் இவையே.

கத்தோலிக்கரின் விவிலியத்தில் இடம்பெறும் சீராக்கின் ஞான நூல் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. மண்ணிலிருந்து மருந்துகளைப் படைத்தவர் ஆண்டவரே என்றும், அறிவுள்ளவர் அவற்றைப் புறக்கணிக்கமாட்டார் என்றும், நோயுற்றவர் இறைவனிடம் மன்றாடவேண்டும், மருத்துவருக்கும் இடமளிக்கவேண்டும் என்றும் அதன் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. திருமுகத்தில் திமொத்தேயுவுக்கு அடிக்கடி வரும் உடல்நலக் குறைவைக் குறிப்பிடும்போது, செபத்தைக் கூட்டுமாறு கூறப்படவில்லை. சிறிது திராட்சை மது பருகுமாறே கூறப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே கலங்கினார், துயருற்றார், உடனிருந்து விழித்திருக்குமாறு நண்பர்களைக் கேட்டுக்கொண்டார். கலக்கம் விசுவாசக் குறைவு என்றால், அந்த இரவைப் பற்றி நாம் என்ன சொல்வோம்?

பாலைநிலத் துறவியரின் அனுபவம்

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலங்களுக்குச் சென்ற துறவியர், மனத்தின் கலக்கங்களைக் கூர்ந்து கவனித்தனர். அவர்களுள் கற்றவரான எவாகிரியுஸ் என்பார், துறவியைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களை வரிசைப்படுத்தி எழுதினார். 399இல் இறந்த அவர், அவற்றுள் மிகக் கொடியதாகக் கருதியது 'அக்கேதியா' என்பதை. நண்பகலில் அது வரும். கதிரவன் நகராமல் நிற்பதுபோல் தோன்றும். துறவி மீண்டும் மீண்டும் சாளரத்தின் வழியே வெளியே பார்ப்பார். இருக்கும் இடமும் செய்யும் பணியும் வெறுத்துப்போகும். இன்று நாம் மனப்பதற்றம் என்று அழைப்பதும் அதுவும் முற்றிலும் ஒன்றல்ல. எனினும் இரண்டும் உறவுடையவை என்பதை அனுபவித்தோர் அறிவர்.

வனத்து அந்தோனியாருக்கே இந்நிலை வந்ததாகப் பாலைநிலத் தந்தையரின் மரபு கூறுகிறது. எண்ணங்களின் அலைக்கழிப்பைத் தாங்கமாட்டாமல் அவர் கடவுளிடம் முறையிட்டபோது, தம்மைப்போலவே தோன்றிய ஒருவர் சற்றுத் தொலைவில் அமர்ந்து கயிறு திரிப்பதையும், பிறகு எழுந்து செபிப்பதையும், மீண்டும் அமர்ந்து கயிறு திரிப்பதையும் கண்டாராம். அது இறைவன் அனுப்பிய தூதர் என்பதை அவர் உணர்ந்தார். செபத்தை நிறுத்தவேண்டியதில்லை, ஆனால் செபத்தோடு கைகளுக்கும் ஒரு வேலை வேண்டும் என்பதே அக்காட்சியின் பாடம். காலத்தை ஒழுங்காகப் பங்கிட்டு, உடல் உழைப்பையும் மன்றாட்டையும் மாற்றி மாற்றி மேற்கொள்ளும் இம்முறையை, யோவான் காசியன் என்பார் மேற்கு நாடுகளுக்குக் கொண்டுசென்றார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மர்செய் நகரில் துறவுமடங்களை நிறுவினார்.

மருந்து உண்பது பக்திக்கு முரணா?

இக்கேள்வி நம் காலத்தில் பிறந்ததன்று. 370 முதல் 379 வரை செசரேயா நகர் ஆயராயிருந்த புனித பெரிய பசிலியார், தம் துறவியருக்காக எழுதிய விரிவான ஒழுங்குநூலில் 55ஆம் கேள்வியாக இதனையே எடுத்துக்கொண்டார். உழவும் நெசவும் மனிதனின் குறையை நிரப்ப இறைவன் அளித்த கலைகள் என்றால், மருத்துவமும் அத்தகையதே என்பது அவர் விடை. ஒவ்வொரு நோய்க்கும் உதவும் செடிகள் தற்செயலாக முளைத்தவை அல்ல. படைத்தவரின் விருப்பத்தால் முளைத்தவை என்கிறார் அவர். அதே வேளையில், நலம் முழுவதும் மருத்துவரின் கையில்தான் உள்ளது என்று எண்ணுவதையும், வாழ்நாளெல்லாம் உடலைப் பற்றிய கவலையிலேயே மூழ்கிக்கிடப்பதையும் அவர் கண்டிக்கிறார். இவர் ஏட்டில் மட்டும் எழுதியவரல்லர். நகருக்கு வெளியே நோயாளருக்கும் வறியோருக்கும் பெரியதோர் இல்லத்தை எழுப்பியவர்.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின் இத்தாலியில் கசியோதோருஸ் என்பவர் இதே குரலில் பேசினார். கோத்திய மன்னர்களிடம் உயர்ந்த பதவி வகித்து, முதுமையில் தென் இத்தாலியில் 'விவாரியம்' என்னும் மடத்தை நிறுவியவர் இவர். நோயுற்ற சகோதரருக்குப் பணிவிடை செய்வோர் மூலிகைகளின் தன்மையைக் கற்கவேண்டும் என்றும், கிரேக்கம் அறியாதவர் தியோஸ்கோரிதஸின் மூலிகை நூலைப் படங்களோடு பார்த்துப் பயிலலாம் என்றும் அவர் எழுதினார். உடனே ஓர் எச்சரிக்கையும் சேர்த்தார்: நம்பிக்கையை மூலிகையின்மீது வைக்காதீர்கள், மருந்தை ஏற்படுத்தியவர் ஆண்டவர், நலம் தருபவரும் அவரே. கிறிஸ்தவ மருத்துவ மரபின் இரு கரைகளையும் இந்த அறிவுரையில் நாம் காண்கிறோம்.

பதினாறு பாத்திகள்

அதே ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்குநூலின் 36ஆம் அதிகாரம், அனைத்துக்கும் மேலாக நோயாளரைப் பேணவேண்டும் என்றும், அவர்களில் கிறிஸ்துவுக்கே பணி செய்வதாக எண்ணவேண்டும் என்றும் பணிக்கிறது. நோயாளருக்குத் தனி அறையும், இறையச்சமுள்ள ஒரு பணியாளரும் வேண்டும். தேவைப்படும்போதெல்லாம் குளியல் வேண்டும். மெலிந்தவருக்கு இறைச்சியும் கொடுக்கலாம். 27ஆம் அதிகாரம் நம்மை இன்னும் வியக்கவைக்கிறது. தவறு செய்து விலக்கிவைக்கப்பட்ட சகோதரர் அளவற்ற துயரத்தில் மூழ்கிவிடாதபடி, அனுபவமுள்ள மூத்த சகோதரர்களை மடத்தலைவர் மறைவாக அவரிடம் அனுப்பி ஆறுதல் கூறச் செய்யவேண்டுமாம். குற்றவாளியின் மனம் உடைந்துவிடக்கூடாது என்று கவலைப்பட்ட ஒரு சட்டம் இது!

இச்சட்டத்தின்படி வாழ்ந்த மடங்களில் மருந்துத் தோட்டம் எப்படியிருந்தது என்பதைக் காட்டும் அரிய சான்று ஒன்று இன்றும் உள்ளது. 820ஆம் ஆண்டளவில் ரைகனாவ் மடத்தில் தோல்மீது வரையப்பட்டு, சுவிட்சர்லாந்தின் புனித கால் மடத்துக்கு அனுப்பப்பட்ட கட்டட வரைபடம் அது. அதில் மருத்துவரின் இல்லத்தை ஒட்டி, பதினாறு பாத்திகள் கொண்ட ஒரு தோட்டம் காணப்படுகிறது. ஒவ்வொரு பாத்தியிலும் செடியின் பெயர் எழுதப்பட்டுள்ளது. லீலியும் ரோஜாவும் அங்குண்டு. ரோஸ்மேரியும் அருவதாவும் உண்டு. இவற்றோடு வெந்தயம், சீரகம், பெருஞ்சீரகம், புதினா ஆகியனவும் உள்ளன! நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருப்பவை, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் குளிர்நாட்டு மடத்தில் நோயாளரின் சாளரத்துக்கு எதிரே வளர்வதற்கெனக் குறிக்கப்பட்டிருந்தன.

அதே ரைகனாவ் மடத்தின் தலைவராக இருந்த வலாஃபிரிது ஸ்திராபோ, தம் சிறு தோட்டத்தைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு கவிதை நூலே எழுதினார். அரசுரிமைப் பூசலில் சிக்கி மடத்தைவிட்டு வெளியேற நேர்ந்து, 842இல் திரும்பி வந்தவர் அவர். 849இல் அரசப் பணியாகச் சென்றபோது லுவார் ஆற்றில் மூழ்கி இறந்தார். இத்தனை கொந்தளிப்புக்கு நடுவே வாழ்ந்தவர், முள்காஞ்சொறி மண்டிய நிலத்தைத் தம் கையாலேயே கொத்திப் பண்படுத்தியதையும், செடிகளுக்கு நீர் சுமந்து ஊற்றியதையும் மகிழ்ச்சியோடு விவரிக்கிறார். செடி தரும் மருந்து ஒருபுறமிருக்க, செடி வளர்த்தலே மருந்தாவதை இவரிடம் காண்கிறோம். அந்தோனியாருக்குக் கயிறு, இவருக்குக் களைக்கொட்டு.

பசுமையைக் கண்ட புனிதை

இம்மரபின் சிகரமாக விளங்குபவர் ஜெர்மானிய நாட்டுப் புனித ஹில்டெகார்டு. 1098இல் பிறந்து 1179இல் இறந்த இவர், பிங்கன் நகருக்கு அருகில் ரூப்பர்ட்ஸ்பெர்க் என்னுமிடத்தில் கன்னியர் மடம் நிறுவியவர், காட்சிகள் கண்டவர், பாடல்கள் இயற்றியவர். சிறு வயது முதலே நோயோடு வாழ்ந்தவரும்கூட. ஆகவே நோயாளரின் உள்ளம் அவருக்குத் தெரிந்திருந்தது. இயற்கைப் பொருள்களைப் பற்றி அவர் எழுதிய நூலில் 200க்கும் மேற்பட்ட செடிகள் இடம்பெறுகின்றன. படைப்பெங்கும் இறைவன் வைத்துள்ள உயிர்ப்பாற்றலை அவர் 'பசுமை' என்று அழைத்தார். மனிதனின் ஆன்மாவும் உடலும் அப்பசுமையை இழக்கும்போது வாடுகின்றன என்பது அவர் கருத்து.

பெருஞ்சீரகத்தை எவ்வகையில் உண்டாலும் அது மனிதனை மகிழ்வுறச் செய்யும் என்று அவர் எழுதுகிறார். சாதிக்காயும் இலவங்கப்பட்டையும் சம அளவு, கிராம்பு சிறிதளவு எடுத்துப் பொடித்து, மாவும் நீரும் சேர்த்துச் சிறு பணியாரங்களாகச் செய்து அடிக்கடி உண்டுவந்தால், உள்ளத்தின் கசப்பு தணிந்து மனம் தெளியும் என்றும் கூறுகிறார். ரைன் நதிக்கரையில் விளையாத பொருள்கள் இவை! சாதிக்காயும் கிராம்பும் இன்றைய இந்தோனேசியாவின் தீவுகளில் விளைந்தவை. நல்ல இலவங்கப்பட்டைக்கு ஈழமும் மலையாளக் கரையும் பெயர்பெற்றவை. இந்தியப் பெருங்கடலைக் கடந்து, கைமாறிக் கைமாறிச் சென்ற நறுமணப்பொருள்களால் அத்துறவுக்கன்னி கலங்கிய மனங்களைத் தேற்ற முயன்றார்.

அவர் எழுதியவை அனைத்தும் இன்றைய மருத்துவத்தில் நிலைக்கும் என்று நாம் கூறவில்லை. கரும்பித்தம் மிகுவதால் மனச்சோர்வு வருகிறது என்பது அக்கால மருத்துவக் கொள்கை. இன்று அதை யாரும் ஏற்பதில்லை. சாதிக்காயும் அளவுக்கு மிஞ்சினால் நஞ்சாகும். ஆயினும் சோர்ந்த மனத்தை உடலோடு சேர்த்து நோக்கவேண்டும் என்ற அவரது பார்வை பழுதற்றது. 2012ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அப்பெருமையைப் பெற்ற நான்காவது பெண் இவர்.

கார்மேல் தந்த நீர்

எலியாவைத் தம் ஆன்மிகத் தந்தையாகப் போற்றுவது கார்மேல் சபை. அச்சபையின் பெயரைத் தாங்கிய ஒரு மருந்தே மனக்கலக்கத்துக்கான மடத்து மருந்துகளுள் பெரும்புகழ் பெற்றது என்பது எண்ணி மகிழத்தக்கது. பாரிஸ் நகரின் வொழிரார் தெருவில் 1611இல் குடியேறிய கார்மேல் துறவியர், மெலிசா என்னும் செடியை முதன்மையாகக் கொண்டு, வேறு பல மூலிகைகளையும் நறுமணப்பொருள்களையும் சேர்த்து ஒரு வடிநீர் தயாரித்தனர். மெலிசா என்பது புதினா குடும்பத்தைச் சேர்ந்த, எலுமிச்சை மணம் வீசும் செடி. தேனீக்கள் இதை நாடிவருவதால், தேனீயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதற்குப் பெயராயிற்று. மயக்கம், படபடப்பு, நரம்பின் கலக்கம் ஆகியவற்றுக்கு இந்நீரைச் சில துளிகள் கொடுப்பது வழக்கமாயிருந்தது.

அமைதி தரும் நீரை வடித்த அந்த மடம், 1792ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் கொலைக்களமாயிற்று. பிரெஞ்சுப் புரட்சியின்போது அங்கே அடைக்கப்பட்டிருந்த ஆயர்களும் குருக்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர், தோட்டத்திலும் கட்டடத்திலும் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர்களுக்கு மெலிசா நீரால் பயனில்லை. ஒரு செடியால் நீக்கமுடியாத அச்சங்கள் உண்டு. அவற்றின்முன் நம்பிக்கை ஒன்றே துணை நிற்கும் என்பதையும் அதே தோட்டம் நமக்குக் கற்பிக்கிறது.

இன்னொரு வரலாறும் உண்டு. 1775இல் பிறந்த மரிய கிளெமந்தின் மார்ட்டின் என்னும் கன்னியர், 1803இல் ஜெர்மானிய நாட்டு மடங்கள் மூடப்பட்டபோது வீடற்றவரானார். 1815இல் வாட்டர்லூ போரில் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்தார். 1826இல் கொலோன் நகரில், மடத்தில் கற்ற முறைப்படி மெலிசா வடிநீர் தயாரித்து விற்கத் தொடங்கினார், 1843இல் இறந்தார். மடத்தின் அறிவு கடைவீதிக்கு வந்தது இவ்வாறுதான். பலருக்கு அது பயன்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றை நாம் கவனிக்கவேண்டும். மடத்தில் அந்த நீரோடு ஒரு படுக்கையும், பணிவிடை செய்யும் கையும், குறித்த நேரத்து மணியோசையும், சேர்ந்து பாடும் திருப்பாடலும் இருந்தன. கடையில் புட்டி மட்டுமே கிடைக்கும்.

நமக்குரிய பாடம்

இன்றைய ஆய்வாளர் இச்செடிகளை மீண்டும் சோதித்து வருகின்றனர். மெலிசா ஓரளவு அமைதி தருவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. உறுதியாகச் சொல்ல அவை போதா. திருமுழுக்கு யோவானின் பெயரால் அழைக்கப்படும் மஞ்சள் பூச்செடி ஒன்று ஐரோப்பாவில் உண்டு. அவரது பிறப்புவிழாவான ஜூன் 24ஐ ஒட்டிப் பூப்பதால் அப்பெயர் வந்தது. தீய ஆவிகளை விரட்டும் செடி என்றும் அக்காலத்தார் அழைத்தனர். மிதமான மனச்சோர்வுக்கு அது உதவுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மனப்பதற்றத்துக்கு உதவும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. அதைவிட முக்கியமானது வேறொன்று: இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, மாற்று உறுப்பு பெற்றோர் உண்ணும் மருந்து, எய்ட்ஸ் நோய்க்கான மருந்து ஆகியவற்றின் ஆற்றலை அது குறைத்துவிடும். மனச்சோர்வுக்கு மருத்துவர் தரும் மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்தும் விளையும். இயற்கையானது என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. மூலிகை உண்போர் அதனை மருத்துவரிடம் மறைக்கலாகாது. மருத்துவர் தந்த மாத்திரையை மூலிகைக்காகத் தாமாகவே நிறுத்தவும் கூடாது.

சீராக்கின் ஆசிரியர் போற்றிய மருத்துவர், இன்றைய மனநல மருத்துவராகவும் இருக்கலாம். மண்ணிலிருந்து வந்த மருந்து, மாத்திரையாகவும் வரலாம். அவரிடம் செல்வது செபத்தைக் கைவிடுவதாகாது; பசிலியாரின் நூலைப் படித்தவர் எவரும் அவ்வாறு சொல்லத் துணியமாட்டார். நவநாள் செபம் ஒப்புக்கொடுத்துவிட்டு மருத்துவரின் வாயிலில் காத்திருக்கும் தாய், இரண்டாயிரம் ஆண்டு மரபில்தான் நிற்கிறார்.

எலியாவின் கதை சூரைச்செடியின் அடியில் முடிந்துவிடவில்லை. உண்டு உறங்கி எழுந்தவர் நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்தார். சுழற்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் காணாத ஆண்டவரை, அவற்றுக்குப் பின் வந்த மெல்லிய ஓசையில் கேட்டார். தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக அவர் முறையிட்டபோது, இன்னும் 7000 பேர் உண்டு என்று ஆண்டவர் உணர்த்தினார். செய்வதற்குப் பணியும், உடன் நடப்பதற்கு எலிசா என்னும் துணையும் தந்தார். அப்பத்தில் தொடங்கிய மருத்துவம் இறைவனின் குரலிலும் நண்பரின் துணையிலும் நிறைவுற்றது.

ஆகவே, அடுத்த முறை நம் வீட்டிலோ அன்பியத்திலோ ஒருவர் தம் நெஞ்சின் படபடப்பைத் தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, அவரது விசுவாசத்தை அளக்க நாம் முற்படவேண்டாம். சாப்பிட்டாரா, உறங்கினாரா என்று முதலில் கேட்போம். சிறிது நேரம் அருகில் அமர்வோம். அவருக்காக மன்றாடுவோம். மறுநாள் மருத்துவரிடம் செல்லத் துணை வேண்டுமா என்றும் கேட்போம்.